அருட்பிரகாசத்தாரின் பெறுகைக் குறிப்புகள்

மின்னஞ்சல் நியமங்களை ஓர் இம்மியும் பிசகாமல் கடைப்பிடித்த அஞ்சல் நிலையம் ஒன்று யாழ்ப்பாணக் குடாநாட்டில் இருந்தது என்று சொன்னால் சிலர் சிரிக்கக்கூடும். சிரிக்கட்டும். அது மானிப்பாயில், ஒரு டியூட்டரியின், அதாவது தனியார் வகுப்பு நிலையத்தின், சைக்கிள் கொட்டகையில் இருந்தது. தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு ஆவணியில் தொடங்கி அடுத்த வருடம் வைகாசி வரை நடந்தது. அங்கே மின்சாரம் இல்லை. அது தொண்ணூறாம் ஆண்டே போய்விட்டது. தொலைபேசியும் அதோடு சேர்ந்தே போனது. இவை இரண்டும் இல்லாமல் மின்னஞ்சல் எப்படி நடக்கும் என்று கேட்பவர்கள் திரு. அருட்பிரகாசத்தை அறியாதவர்கள். மின்சாரமும் தொலைபேசியும் உள்ள நாடுகளில் நியமத்தை யாரும் மதிப்பதில்லை என்பதும், ஆகவே அவை இரண்டும் இந்தத் தொழிலுக்கு அவசியமானவை அல்ல என்பதும் அவருடைய கட்சி.

அவர் இணுவிலைச் சேர்ந்தவர். கொழும்பில் ஒரு பெரிய கம்பனியின் கணனிப் பகுதியில் பதினோரு வருடம் வேலை செய்தார். எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் வீட்டையும் தளபாடங்களையும் நெருப்புக்குக் கொடுத்துவிட்டு, மனைவி மீனாம்பிகையோடு கப்பலேறிக் காங்கேசன்துறையில் இறங்கினார். இறங்கிய மறுவாரமே கம்பனிக்கு ஒரு கடிதம் எழுதினார். தனது வேலை இருக்கிறதா, இல்லையா? பதில் வரவில்லை. இரண்டாவது கடிதம் எழுதினார். ஐந்து வருடத்தில் பதினேழு கடிதங்கள். இல்லை என்று ஒரு வரி வந்திருந்தால் அவர் அதோடு விட்டிருப்பார். கடிதம் கிடைத்தது என்றும் இல்லை, கிடைக்கவில்லை என்றும் இல்லை. அந்தப் பதினேழும் எந்த மேசையில், எந்தக் கப்பலில், எந்தக் குப்பைக் கூடையில் இருக்கின்றன என்று அவர் சோறு தின்னும்போது கூட யோசித்துக்கொண்டிருந்தார். மீனாம்பிகை குழம்பை இரண்டாம் தரமும் விட்டுக்கொண்டே சொல்வார்: "இஞ்சாருங்கோ, கம்பனி செத்துப் போச்செண்டு நினைச்சுத் தலை முழுகுங்கோ."

எண்பத்தொன்பதில், வெளிநாட்டிலிருந்த பழைய சிநேகிதர் ஒருவர் ஒரு கட்டுப் போட்டோப் பிரதி அனுப்பினார். கணனிகள் ஒன்றுக்கொன்று கடிதம் அனுப்பும் முறை பற்றிய நியமங்கள். இலக்கம் எண்ணூற்று இருபத்தொன்றும் எண்ணூற்று இருபத்திரண்டும். அருட்பிரகாசம் அதை ஒரே இருப்பில் வாசித்தார். ஓர் அஞ்சலை ஏற்றுக்கொண்ட இயந்திரம் அதற்குப் பொறுப்பாளி. ஒன்றில் உரியவரிடம் சேர்க்க வேண்டும். அல்லது சேர்க்க முடியவில்லை என்று அனுப்பியவருக்கு அறிவிக்க வேண்டும். மூன்றாவது வழி கிடையாது. இதை வாசித்தபோது அவர் கண்கலங்கினார் என்று சொல்வார்கள். அவருக்கு அந்தக் கிழமை தடிமன் பிடித்து மூக்கும் கண்ணும் ஒழுகின என்று மீனாம்பிகை சொல்கிறார்.

இந்த நாட்டில் ஓர் அலுவலகமோ ஒரு கம்பனியோ ஒரு முகாமோ செய்யாத காரியத்தை ஒரு தகரப் பெட்டி செய்யும் என்று எழுதியிருக்கிறது. மனிதர் அதில் விழுந்துபோனதில் வியப்பில்லை.

டியூட்டரிக்காரரிடம் அச்சுப்பொறியோடு ஒரு கணனி இருந்தது. மின்சாரம் போன நாள்முதல் அது பழைய சேலை ஒன்றைப் போர்த்திக்கொண்டு தூங்கியது. அருட்பிரகாசம் அதற்கான அஞ்சல் மென்பொருளைச் சதுரக் கோட்டுக் கொப்பிகளில் பென்சிலால் எழுதினார். ஒன்பது கொப்பிகள், பதினாலு மாதம். பிறகு ஒரு தண்ணீர் இறைக்கும் மிஷினில் டைனமோவைப் பூட்டி, நாலு சொட்டுப் பெற்றோல் காட்டி உசுப்பி, மண்ணெண்ணெயில் ஓடவிட்டு, கொட்டகை முழுக்கப் புகையோடு அதைக் கணனிக்குள் ஏற்றினார். வாரத்தில் இரண்டு மணித்தியாலம் நிலையம் திறந்திருக்கும். கடிதம் அனுப்ப வருபவர் ஒரு போத்தல் மண்ணெண்ணெய் கொண்டுவர வேண்டும்.

அஞ்சல் போகும் வழி இது. சனங்கள் சொல்வதை அருட்பிரகாசம் இங்கிலீசு எழுத்தில் தமிழாகத் தட்டுவார். அது ஒரு பிளொப்பித் தட்டில் ஏறும். தட்டைக் கனிசியஸ் என்பவர் சுருட்டுக் கட்டுகளுக்கு நடுவில் வைத்துக் கட்டிக்கொண்டு, கிளாலியில் வள்ளம் ஏறிக் கடல்நீரேரியைக் கடந்து, வவுனியா போய், அங்கிருந்து கொழும்புக்குப் போவார். கொழும்பில் ஒரு கல்வி நிலையத்தில் மின்னஞ்சல் வசதி இருந்தது. அங்கே வேலை செய்த நமசிவாயம், அருட்பிரகாசத்தின் பழைய கம்பனிச் சிநேகிதர், தட்டை வாங்கிக் கடிதங்களைக் கனடாவுக்கும் இலண்டனுக்கும் அனுப்புவார். பதில்கள் அதே தட்டில் திரும்பி வரும். போக வர மூன்று கிழமை. அரசாங்கத் தபாலுக்கு மூன்று மாதம் எடுத்த காலம் அது. ஆகவே சனங்கள் மண்ணெண்ணெய்ப் போத்தலோடு வரிசையில் நின்றார்கள்.

கனிசியஸ் குருநகர்க்காரர். குண்டு விழுந்து வீடு போனபின், மனைவி அற்புதராணியோடும் இரண்டு பெண்பிள்ளைகளோடும் மானிப்பாயில் ஒரு கொட்டிலில் இருந்தார். கடலுக்குப் போகத் தடை என்பதால் சுருட்டு வியாபாரம். நீரேரியைக் கடப்பதும் தடைதான். கடற்படை கண்டால் சுடும். ஆனால் எல்லாரும் கடந்தார்கள். கடந்தவர்கள் எல்லாரும் ஒரே ஒரு விதியைக் கடைப்பிடித்தார்கள்: எந்த நாள், எந்த வள்ளம், யார் யார் என்று ஒருவரும் ஒருவருக்கும் சொல்வதில்லை.

இங்கேதான் நியமத்தின் நாலாம் பிரிவு குறுக்கே வருகிறது.

ஓர் அஞ்சல் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாறும் ஒவ்வொரு தடவையும், பெற்றுக்கொண்ட இயந்திரம் அதன் தலையில் ஒரு குறிப்பு எழுத வேண்டும்: யாரிடமிருந்து பெற்றது, யார் பெற்றது, எந்தத் திகதி, எத்தனை மணி. அருட்பிரகாசம் இதைப் பெறுகைக் குறிப்பு என்று தமிழாக்கி வைத்திருந்தார். மானிப்பாய்க் கணனியிடமிருந்து தட்டைப் பெறுவது கனிசியஸ். கனிசியஸ் இயந்திரமா என்ற கேள்வி எழுந்தது. மூன்று நாள் ஆலோசித்து, பெறுவதுதான் முக்கியம், பெறுவது இரும்பா இறைச்சியா என்று நியமம் எங்கேயும் கேட்கவில்லை என்ற முடிவுக்கு வந்தார். ஆகவே கனிசியஸ் ஒரு நிலையமாகப் பதிவானார். நிலையத்தின் பெயர் வேறு எந்த நிலையத்தின் பெயரோடும் குழம்பக்கூடாது என்றும் விதி இருந்தது. குருநகரில் கனிசியஸ் என்ற பெயரில் நாலைந்து பேர் இருந்தார்கள். அதனால் முழுப்பெயரும், அதன் பக்கத்தில் அடையாள அட்டை இலக்கமும்.

"அண்ணை, இருட்டுக்கை வள்ளம் ஏறேக்கை மணி என்னண்டு பாக்கிறது?" என்று கனிசியஸ் கேட்டார்.

அருட்பிரகாசம் தன் கையிலிருந்த மணிக்கூட்டைக் கழற்றிக் கொடுத்தார். அதன் முள்ளுகள் இருட்டில் பச்சையாகத் தெரியும்.

"நேவி சுடேக்கையும் மணி பாக்கிறதோ?"

"சுட்டா அந்த நேரத்தையும் குறிச்சுக்கொண்டு வாரும்."

கனிசியஸ் சிரித்தார். அவருக்கு இந்த மனிதரைப் பிடிக்கும். தன்னைச் சுருட்டுக்காரன் என்று சொல்லாமல் நிலையம் என்று சொன்ன ஒரே ஆள் இவர்தான். ஒவ்வொரு பயணம் முடிந்ததும் கொட்டகையில் வந்து குந்தியிருந்து, கிளாலியில் ஏறியது நாலு நாற்பது, அக்கரையில் இறங்கியது ஆறு ஐந்து, வவுனியாவில் சோதனை பத்தரை என்று ஒப்புவிப்பார். அருட்பிரகாசம் விடமாட்டார். "பத்தரையோ, பத்து முப்பத்திரண்டோ?" கனிசியஸ் கண்ணை மூடி யோசித்து, "முப்பத்திமூண்டு, அண்ணை" என்பார். அதுவும் மெய்யாகத்தான் இருக்கும். கடற்காரர், நேரம் பிசகாதவர்.

இதைக் கேள்விப்பட்ட அற்புதராணி ஒரு நாள் பின்னேரம் கொட்டகைக்கு வந்தார். இளைய பிள்ளை இடுப்பில் இருந்தது.

"அண்ணை, ஒரு உதவி கேக்க வந்தனான். அந்த மெஷினுக்கை இவரின்ரை பேர் இருக்காம். எடுத்துவிடுங்கோ."

"ஏன் பிள்ளை?"

"என்னண்ணை ஏனெண்டு கேக்கிறியள்? பிடிபட்டா சுருட்டெண்டு சொல்லித் தப்பலாம். பேரும் ஐடென்டி நம்பரும் எழுதிக் குடுத்துவிட்டா என்னத்தைச் சொல்லுறது?"

"அது கடுதாசியில்லைப் பிள்ளை. பிளொப்பி. ஆமிக்காரன் அதை வெளிச்சத்திலை பிடிச்சுப் பாத்தா ஒண்டும் தெரியாது."

"தெரியாட்டா நல்லது. தெரிஞ்சா?"

அது நியமத்தில் இல்லாத கேள்வி. அருட்பிரகாசம் தொண்டையைச் செருமிக்கொண்டு, "இஞ்சை பார் பிள்ளை. ஆரின்ரை கையாலை வந்ததெண்டு தெரியாட்டா அது கடிதமில்லை, மொட்டைக் கடுதாசி. இந்த ஊரிலை எத்தினை கலியாணம் மொட்டைக் கடுதாசியாலை குழம்பினது? நான் உன்ரை மனுசனை ஒளிச்சு வைச்சு மரியாதை குறைக்கயில்லை. பேரோடை, நேரத்தோடை, மரியாதையா எழுதியிருக்கிறன்" என்றார்.

"மரியாதை வேண்டாமண்ணை. ஆள் வேணும்."

"வேறை பேர் ஏதும் போட்டா என்ன?" என்று, தேத்தண்ணி கொண்டுவந்திருந்த மீனாம்பிகை இடையில் கேட்டார்.

"நீர் சும்மா இரும். பொய்ப் பேர் போடுறதெண்டா நான் ஏன் நியமம் பாக்கிறன்? பேசாமல் அந்தக் கம்பனியிலையே இருந்திருக்கலாமே."

"கம்பனியிலை இருக்க விட்டவங்களோ?" என்றார் மீனாம்பிகை. பிறகு அற்புதராணியைப் பார்த்து, "பிள்ளை, உவருக்கு நான் இருபது வருசமாச் சொல்லுறன். சொன்னது கிடைச்சதெண்டு எனக்கும் ஒரு குறிப்பும் வரேல்லை" என்றார்.

அற்புதராணி பிள்ளையை மற்ற இடுப்புக்கு மாற்றிக்கொண்டு போனார். பெயர் கணனியில் இருந்தது.

இன்னொரு சங்கடமும் உண்டு. பெற்றுக்கொண்டேன் என்று மறுகரை இயந்திரம் உரிய முறையில் சொல்லும்வரை அனுப்பிய இயந்திரம் பொறுப்பிலிருந்து விடுபடாது. அஞ்சலை அழிக்கவும் கூடாது. கொழும்பிலிருந்து பதில்கள் வந்தனவே தவிர, பெற்றுக்கொண்டேன் என்ற அந்த ஒரு வரி ஒருநாளும் வரவில்லை. அருட்பிரகாசம் நமசிவாயத்துக்கு மூன்று முறை நினைவூட்டினார். நமசிவாயம், "எல்லாம் ஒழுங்காகப் போகிறது, யோசிக்க வேண்டாம்" என்று எழுதினார். அது நியமத்தில் சொன்ன வடிவத்தில் இல்லை. ஆகவே மானிப்பாய் நிலையத்தின் கணக்குப்படி அதுவரை ஒரு கடிதம்கூடச் சேரவில்லை. சேராத கடிதங்கள் ஒவ்வொரு தடவையும் திரும்பத் திரும்பத் தட்டில் ஏறின, ஒவ்வொரு தடவையும் தலையில் புதிய பெறுகைக் குறிப்புகளோடு.

சுன்னாகத்துப் பக்கமிருந்து கந்தப்பு என்ற கிழவர் வந்தார். மகன் ரொறொன்ரோவில். மகனுடைய பதில் கையில் இருந்தது.

"தம்பி, இதைக் கேளும். 'அப்பா, உங்கடை கடிதம் கிடைச்சது, சந்தோசம்' எண்டு எழுதியிருக்கிறான்."

"சரி ஐயா. ஆனா உங்கடை கடிதம் இன்னும் சேரேல்லை."

"என்னது?"

"சேர்ந்ததெண்டு மெஷின் சொல்லேல்லை. மகன் சொன்னாப் போதாது. நாளைக்கும் அனுப்பத்தான் போறன்."

கந்தப்பு கொட்டகையில் நின்ற மற்றவர்களைத் திரும்பிப் பார்த்தார். "அப்ப என்ரை மகன் பொய் சொல்லுறானோ?"

"இல்லை ஐயா. அவர் மனுசர்."

கிழவர் மகனுடைய பதிலை மடித்துக்கொண்டு, "அப்ப நான் எழுதினதை அவன் எத்தினை தரம் வாசிக்கிறது?" என்று கேட்டார். அருட்பிரகாசம் அதையும் யோசித்திருந்தார். "ஒரே கடிதம் ரண்டு தரம் போறது பிழையில்லை ஐயா. ஒரு தரமும் போகாமல் இருக்கிறதுதான் பிழை." மற்றவர்கள் தலையாட்டினார்கள். இப்படி ஒரு பொறுப்பை இந்த மண்ணில் அவர்கள் எங்கேயும் கண்டதில்லை. மண்ணெண்ணெய்ப் போத்தல்கள் கூடின.

கனிசியஸின் பதினாலாவது பயணம் தொண்ணூற்று நாலு வைகாசியில். அதற்குள் தட்டில் அறுபத்து மூன்று கடிதங்கள் இருந்தன. அவற்றின் தலையில் பதின்மூன்று பயணங்களின் பெறுகைக் குறிப்புகளும் இருந்தன: ஏறிய நாள், இறங்கிய நாள், மணி, நிமிடம், பெயர், அடையாள அட்டை இலக்கம்.

வவுனியாச் சோதனையில் அன்று சுருட்டுக் கட்டுகளைக் குத்திப் பார்த்தார்கள். ஊசி தட்டில் முட்டியது. முந்திய மாதம்தான் அங்குள்ள ஆமி முகாமுக்கு ஒரு கணனி வந்திருந்தது என்பது பிறகு தெரியவந்தது.

கனிசியஸுக்குப் பின்னால் வரிசையில் நின்ற சுருட்டு வியாபாரிகள் வந்து அற்புதராணிக்குச் சொன்னார்கள். அற்புதராணி இம்முறை கொட்டகைக்கு வரவில்லை. இணுவிலுக்கு, வீட்டுக்கே போனார். படலையைத் திறந்து உள்ளே வந்து முற்றத்தில் நின்றார். அழவில்லை.

"அண்ணை, பிடிச்சிட்டாங்கள்."

அருட்பிரகாசம் எழுந்து நின்றார். "பிளொப்பியோடையோ?"

மீனாம்பிகை தன் கணவனைப் பார்த்த பார்வையை நாங்கள் இங்கே வர்ணிக்கப் போவதில்லை.

அவர் கல்நெஞ்சர் அல்ல என்பதை இந்த இடத்தில் பதிவு செய்ய வேண்டும். மூன்று நாள் சாப்பிடவில்லை. நாலாம் நாள், செய்ய வேண்டியதை முறைப்படி செய்ய உட்கார்ந்தார். வவுனியா முகாமின் பொறுப்பதிகாரிக்கு இங்கிலீசில் ஆறு பக்கக் கடிதம். குறித்த நபர் குற்றவாளி அல்ல. அவர் ஓர் அஞ்சல் நிலையம். தட்டில் உள்ளவை தாய் தகப்பன் பிள்ளைகளுக்கு எழுதிய சுகம் விசாரிக்கும் கடிதங்கள், வாசித்தால் விளங்கும். அவற்றின் தலையில் உள்ள குறிப்புகள் சதி அல்ல, நியமம். இந்தக் குறிப்புகள் யாவும் உண்மையானவை என்றும், திகதிகளிலும் நேரங்களிலும் பிழை எதுவும் இல்லை என்றும் நான் உறுதிப்படுத்துகிறேன். தட்டு பழுதாகியிருந்தால் உதவும் என்று எல்லாக் கடிதங்களையும் குறிப்புகளோடு அச்செடுத்து இத்துடன் இணைத்திருக்கிறேன்.

மீனாம்பிகை கொன்வென்ரில் இங்கிலீசில் படித்தவர். கடிதத்தை வாசித்துவிட்டு மேசையில் வைத்தார்.

"இதை அனுப்பினா அந்தப் பெடியனை விடமாட்டாங்கள்."

"கடிதங்களை வாசிச்சா விடுவாங்கள். 'அம்மாவுக்கு முழங்கால் நோ' எண்டு எழுதினதிலை என்ன இருக்கு?"

"அதை ஆர் வாசிக்கப் போறான்? மேலை எழுதியிருக்கிறதைத்தான் வாசிப்பான். தடை போட்ட தண்ணியிலை பதின்மூண்டு தரம் போனவன் எண்டு நீங்களே கையெழுத்து வைச்சுக் குடுக்கிறியள். கிழிச்சு எறியுங்கோ."

"பிழையா விளங்கினா, சரியாச் சொல்லுறதுதானே முறை?"

"முறை!" என்றார் மீனாம்பிகை. அன்றிலிருந்து ஒரு மாதம் அவர் தன் கணவனோடு கதைக்கவில்லை.

அருட்பிரகாசம் கடிதத்தைப் பதிவுத் தபாலில், பெற்றதை உறுதிப்படுத்தும் அட்டையோடு அனுப்பினார். அது கப்பலேறிப் போனது. ஆவணி நடுப்பகுதியில் அட்டை திரும்பி வந்தது. பெற்றுக்கொண்டேன், கையெழுத்து, திகதி, நீல நிற முத்திரை. பதினொரு வருடத்தில் அவர் எழுதிய கடிதம் ஒன்றைப் பெற்றுக்கொண்டதாக ஓர் அலுவலகம் ஒப்புக்கொண்டது அதுதான் முதல் தடவை. அவர் அந்த அட்டையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் எடுத்துக் காட்டினார். "பாருங்கோ, ஆமிக்காரனெண்டாலும் முறை தெரிஞ்சவன்." அற்புதராணிக்கும் காட்டினார். அவர் அட்டையை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"இதிலை இவரை விடுறதெண்டு எங்கையண்ணை இருக்கு?"

"அது இதிலை வராது பிள்ளை. இது கடிதம் சேர்ந்ததுக்கு."

கனிசியஸை விடவில்லை. வவுனியாவிலிருந்து கொழும்புக்குக் கொண்டுபோய்விட்டதாக ஒரு கதை வந்தது. புரட்டாதியில் நமசிவாயத்திடமிருந்து சாதாரணத் தபாலில் ஒரு கடிதம் வந்தது. ஆள் பயந்துபோயிருந்தார். இனித் தன் பெயருக்கு எதுவும் அனுப்ப வேண்டாம் என்று எழுதிவிட்டு, மனச்சாட்சிக்காகவோ என்னவோ, கீழே ஒரு பந்தி சேர்த்திருந்தார்.

"மச்சான், இப்போதாவது சொல்லிவிடுகிறேன். உன்னுடைய மென்பொருள் அனுப்பியதை எங்கள் கணனிக்குள் அப்படியே போட எனக்கு அனுமதி இல்லை. நான் முதல் நாளிலிருந்தே கடிதங்களை அச்செடுத்து, மேலே உள்ள குறிப்புகளை வெட்டிவிட்டு, விஷயத்தை மட்டும் என்னுடைய கணக்கிலிருந்து திரும்பத் தட்டி அனுப்பினேன். அந்த மேல்வரிகளை இங்கே யாரும் பார்க்கவும் இல்லை, கேட்கவும் இல்லை. நீ மனம் நோவாய் என்றுதான் சொல்லவில்லை."

அருட்பிரகாசம் இதை நாலு முறை வாசித்தார். ஒன்பது கொப்பி, பதினாலு மாதம், பதின்மூன்று பயணம், மணி, நிமிடம் எல்லாம் கொழும்பில் ஒரு கத்தரிக்கோலில் முடிந்திருக்கின்றன. பிறகு ஒரு விஷயம் அவருக்குப் பிடிபட்டது. அவர் எழுதிய பெறுகைக் குறிப்புகளைத் தொடக்கம் முதல் கடைசி வரை, ஒன்றும் விடாமல் வாசித்த ஒரே ஒரு வாசகர் இந்த உலகத்தில் இருக்கிறார். அவர் வவுனியாவில் இருக்கிறார்.

அன்று பின்னேரம் அவர் மானிப்பாய்க்குப் போய் மிஷினை உசுப்பினார். நிலையத்தை மூடுவதற்கும் ஒரு முறை இருந்தது. சேராத ஒவ்வொரு கடிதத்துக்கும், சேரவில்லை என்று அனுப்பியவருக்கு அறிவிக்க வேண்டும். அறுபத்து மூன்று அறிவித்தல்களை அச்சடித்தார். சைக்கிளில் வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தார். எல்லாருக்கும் எப்போதோ பதில் வந்துவிட்டது. இரண்டு கலியாணம் அந்தக் கடிதங்களாலேயே பேசி முடிந்திருந்தது. வட்டுக்கோட்டையில் ஒரு பெண் அறிவித்தலை வாங்கி, மகனுக்கு ஏதோ நடந்துவிட்டது என்று நினைத்து மயங்கி விழுந்தார். கந்தப்பு மட்டும் கண்ணாடி போட்டு முழுவதையும் வாசித்தார்.

"கொண்டுபோன பெடியன் திரும்பி வரேல்லையாமே, தம்பி. அதுக்கு என்ன அறிவித்தல்?"

அதற்கு நியமத்தில் இடம் இல்லை. அருட்பிரகாசம் சைக்கிளைத் திருப்பினார்.

அவர் அற்புதராணியின் கொட்டிலுக்கும் போனார். கையில் கொடுக்க எதுவும் இருக்கவில்லை. நமசிவாயத்தின் கடிதத்தைப் பற்றிச் சொன்னார். மறைத்திருக்கலாம், மறைக்கவில்லை. மனிதரின் நேர்மையில் எவரும் குறை சொல்ல முடியாது.

அற்புதராணி அரிசி புடைத்துக்கொண்டே கேட்டார்.

"அப்ப அந்தப் பேர் இல்லாமலும் கடிதம் போயிருக்கும்."

"ஓம்."

"எல்லாக் கடிதமும்?"

"ஓம் பிள்ளை."

சுளகு நிற்கவில்லை. பெரிய பிள்ளை வந்து அருட்பிரகாசத்தை ஒருதரம் பார்த்துவிட்டுத் தாயின் பக்கத்தில் உட்கார்ந்தது. அவரை இருக்கச் சொல்லி ஒருவரும் கேட்கவில்லை.

தொண்ணூற்றைந்து தையில் சண்டை நிறுத்தம் வந்தது. சில பேரை விட்டார்கள். கனிசியஸும் வந்தார். வந்தது கேள்விப்பட்டு அருட்பிரகாசம் மறுநாளே போனார். மீனாம்பிகை ஒரு பை நிறைய மரக்கறியும் பெண்பிள்ளைகளுக்கு ஒரு சோடிப் பெட்டைச் சட்டைகளும் கொடுத்துவிட்டார். "போய்க் கும்பிட்டு மன்னிப்புக் கேளுங்கோ. வேறை ஒண்டும் கதையாதையுங்கோ" என்று சொல்லியும் விட்டார்.

கனிசியஸ் ஒரு பெட்டியில் உட்கார்ந்திருந்தார். வலது கையின் மூன்று விரல்கள் மடங்கவில்லை. இடது கையால் பீடி பிடித்துக்கொண்டிருந்தார். முகம் சிறுத்துப் போயிருந்தது. ஆனால் அருட்பிரகாசத்தைக் கண்டதும் எழும்பப் பார்த்தார்.

"இரும், இரும்" என்றார் அருட்பிரகாசம்.

"வாங்கோண்ணை. அற்புதம், அண்ணைக்குத் தேத்தண்ணி போடு."

அற்புதராணி கொஞ்சம் நின்றுவிட்டு அடுப்படிக்குப் போனார். தேத்தண்ணி வந்தது. அருட்பிரகாசம் ஒரு மிடறு குடித்துவிட்டு, மன்னிப்புக் கேட்பதற்குத் தொண்டையைச் செருமினார். அதற்குள் கனிசியஸ் தானாகவே சொல்லத் தொடங்கிவிட்டார், யாருடைய கதையையோ சொல்வதுபோல.

"முகாமிலை அந்தப் பெரியவன் ஒவ்வொரு வரியா வாசிச்சான், அண்ணை. உங்கடை கடிதத்தையும் வாசிச்சான். இந்த நாள், இத்தினை மணி, நீதானே எண்டு கேப்பான். நான் இல்லையெண்டுவன். பேந்து கனக்க நேரத்தாலை ஓமெண்டுவன். பேந்து அடுத்த வரி. ஒரு வரிக்கு ரண்டு நாள் போகும்."

அருட்பிரகாசம் கோப்பையைப் பிடித்தபடி இருந்தார்.

"எல்லாம் சரியா இருந்தது, அண்ணை. ஒண்டுகூடப் பிழையில்லை. நானும் ஒவ்வொண்டாக் கவனிச்சுக்கொண்டு வந்தனான், எங்கையாவது ஒரு பிழை வருமோ எண்டு. ஒண்டு பிழைச்சிருந்தாலும், 'ஐயா, இது ஆரோ விசரன் எழுதினது, அண்டைக்கு நான் ஊரிலை நிண்டனான்' எண்டு சொல்லியிருப்பன். மிச்சத்தையும் நம்பாமல் விட்டிருப்பாங்கள். ஒரு பிழையும் வரேல்லை."

கொட்டிலுக்கு வெளியே பிள்ளைகள் பெட்டைச் சட்டைகளை வைத்து அளந்து பார்த்துக்கொண்டிருந்தன. அருட்பிரகாசத்தின் உதடு அசைந்தது. மன்னித்துக்கொள் என்றுதான் சொல்லப் போகிறார் என்று அடுப்படி வாசலில் நின்ற அற்புதராணி நினைத்தார்.

"நேரங்களும் சரியோ?" என்று அருட்பிரகாசம் கேட்டார்.

கனிசியஸ் அவரை ஒருமுறை பார்த்தார்.

"ஓமண்ணை. நேரமும் சரி."

அற்புதராணி வந்து அருட்பிரகாசத்தின் கையிலிருந்த கோப்பையை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். அதில் பாதிக்கு மேல் தேத்தண்ணி இருந்தது.